எட்டாக மடித்த துணி

துணியை இரண்டாக மடித்து, அதையே மறுபடி இரண்டாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். கையுறை போட்ட கைகள் அப்படித்தான் மடித்தன. முதல் முகத்தால் மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளையும் துடைத்து, காதில் மாட்டும் கம்பிகளை நுனிவரை உருவி, எஃகுத் தட்டில் வைத்தன. துணி புரண்டது. இரண்டாம் முகம் கைபேசிக்கு. மூன்றாவது சீப்புக்கு. சீப்பின் பல்லிடுக்கில் துணி நுழையாது. அதற்கென்று பழைய பல்துலக்கி ஒன்று தனியாக இருந்தது. சீப்பில் ஒரு முடிகூட இல்லை. அந்த வார்டில் சேர வருகிறவர்கள் எல்லோரும் சீப்பு எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். இரண்டு வாரம் போனால் அதற்கு வேலை இருக்காது.

நான்காவதாகக் கையில் வந்தது ஒரு விசில். பித்தளை. உள்ளே சின்னத் தக்கை உருண்டை, மேலே கறுப்புக் கயிறு. கைகள் அங்கே நின்றுவிட்டன.

"இன்னும் முடியலையா?" சாமான் அறை வாசலில் பெரிய சிஸ்டர் வந்து நின்றார். வார்டின் தலைமை நர்ஸ். "அந்தம்மா கீழ வந்து அரை மணி நேரமாச்சு. நாப்பது நாளா பையில கட்டிப் பூட்டி வச்ச சாமான். அதுல எந்தக் கிருமி இன்னும் உயிரோட உக்காந்திருக்கப் போவுது? அப்படியே கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

"இன்னும் அஞ்சு முகம் இருக்கு சிஸ்டர்."

"துணிக்கு எட்டு முகம். உனக்கு இருக்கறது ஒண்ணு. அதையும் இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு அந்தம்மா முன்னாடி போய் நிக்காதே."

சொல்லிவிட்டாரே தவிர, பெரிய சிஸ்டர் உடனே போகவில்லை. தட்டில் கிடந்த விசிலைப் பார்த்தார். "சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"தெரியல சிஸ்டர்."

"நான் சொல்லச் சொல்லல. சொல்லாதேன்னும் சொல்லல." அவர் போய்விட்டார்.

துடைத்துக்கொண்டிருந்தவளை வார்டில் எல்லோரும் மோப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இரத்த நோய் வார்டில் பதினோரு வருஷமாகத் துப்புரவு வேலை. அந்தப் பெயரை வைத்தவர் ஒரு பழைய நோயாளி. பழம் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தும், ஒரு கொத்து திராட்சையைக் காலுறைக்குள் சுருட்டி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தார். மோப்பக்கா கதவைத் திறந்தவள் அங்கேயே நின்று, "காலுறையில என்ன பழுக்குது?" என்றாள். அன்று முதல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாயைச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று அவள் கணவன்தான் வருத்தப்பட்டான். அவளுக்கு வருத்தமில்லை. "நாய் வீட்டைக் காக்கும். நீங்க என்னத்தக் காத்தீங்க?" என்றாள்.

அந்த மூக்கு விளையாட்டுக்கு இருந்த மூக்கு இல்லை. துடைக்கிற தண்ணீரில் கலக்கும் வெளுப்பு மருந்தை அவர்கள் ஹைப்போ என்பார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு மூடி. ஆனால் வெயில்பட்ட கேனில் இருக்கிற ஹைப்போ, பார்க்கப் பழையபடியே இருந்தாலும் வீரியம் செத்துப்போயிருக்கும். ஒரு முறை ஒரு வண்டிச் சரக்கு அப்படி வந்தது. கணக்கர், கிடங்குக்காரர், நர்ஸ் யாருக்கும் தெரியவில்லை. மோப்பக்கா ஒரு கேனைத் திறந்து முகர்ந்து, "இது தண்ணி" என்றாள். பரிசோதித்துப் பார்த்தார்கள். பாதிக்கும் கீழே. அதற்குப் பிறகு புதுக் கேன் வந்தால் முதலில் அவளிடம் கொண்டுவந்து திறப்பது வழக்கமாகிவிட்டது.

இந்த வேலைக்கு வருமுன் அவள் வெளியே ஒரு சலவைக்கூடத்தில் விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வார்டு வேலைக்கு வந்தபோது இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மற்றதை அவளே பார்த்துப் பார்த்துக் கற்றாள். ஒரு நாள் காலியாக இருந்த அறையில் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். கை எட்டியதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கம், கூப்பிடும் மணியின் கம்பி, தலைமாட்டுக் கம்பியின் உள்புறம். மேசையின் மேல்பக்கத்தைத்தான் எல்லோரும் துடைக்கிறார்கள். இழுக்கும்போது விரல் போய்ப் பிடிப்பதோ அடிப்பக்கத்தை. அவள் பட்டியலில் மொத்தம் முப்பத்திரண்டு இடம். அது சுவரில் ஒட்டியிருந்த மருத்துவமனைப் பட்டியலைவிட ஒன்பது அதிகம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்வது இவ்வளவுதான். "இவங்களுக்குக் கெட்ட ரத்தத்தைக் கொல்ல மருந்து ஏத்தறாங்க. அது நல்லதையும் சேர்த்துக் கொன்னுடும். மூணு வாரம் உடம்பு கதவு இல்லாத வீடு. நம்ம வீட்டுல ஒரு தும்மலோட போறது, இங்க ஆளையே கொண்டு போயிடும். அந்த மூணு வாரம் நாமதான் கதவு."

அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றும் இருந்தது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. தொட்ட அறையை முடிக்காமல் வெளியே வரக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஓர் அறையைப் பாதி துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வருவதற்குள் அடுத்த ஆள் எட்டிப் பார்த்திருக்கிறாள். தரை ஈரமாக இருந்தது. முடிந்தது என்று நினைத்துக் கதவில் பச்சை அட்டையைத் தொங்கவிட்டாள். நோயாளியை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மோப்பக்காவுக்கு அதற்குப் பிறகு பாதி துடைத்த அறை என்றால், துடைக்காத அறையைவிட பயம்.

தொற்று வந்த வருஷம் வார்டுக்குள் பார்வையாளர்களே கூடாது என்றார்கள். வாசலில் ஒரு மேசை, காய்ச்சல் பார்க்கிற கருவி, கைகழுவும் தொட்டி. நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று மூன்றாம் மாடிக் கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். மோப்பக்கா பஸ்ஸை விட்டுவிட்டு ஐம்பது நிமிஷம் நடந்தே வந்தாள், போனாள். வீட்டில் அடுப்படியில் தனியாகப் படுத்தாள். தட்டு தனி, குவளை தனி, துண்டு தனி. கணவன் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். வாசலிலேயே அவனை நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வாள்.

"கட்டுன பொண்டாட்டி நாலு மாசமா ரெண்டு கஜம் தள்ளி நின்னு பேசறா. இதுக்கு நான் அந்த வார்டுலயே போய்ப் படுத்துக்கலாம், கிட்ட வந்தாவது துடைப்பே," என்பான்.

"படுத்துக்கங்க. சொந்தக்காரங்களுக்கு வேணா ஹைப்போ ஒரு மூடி கூடப் போடறேன்."

அந்தச் சமயத்தில்தான் ஏழாம் அறைக்குக் கண்டக்டர் வந்தார். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். ஐம்பத்து மூன்று வயது. அவருடைய பையைத் திறந்து ஒவ்வொரு சாமானாகத் துடைத்து உள்ளே அனுப்பியது மோப்பக்காதான். கண்ணாடி, கைபேசி, சீப்பு, தண்ணீர்க் குடுவை, முகம் மழிக்கும் இயந்திரம். கடைசியில் விசில்.

"இது எதுக்குங்க? இங்க யாருக்கு விசில் ஊதப் போறீங்க?"

"இருக்கட்டுமே. மருந்து வண்டி ரொம்ப நேரம் நின்னா ஒண்ணு குடுக்கலாம்."

"ஊதக் கூடாது. வாயில வைக்கவே கூடாது."

"கையில வச்சுக்கலாமா?"

அவள் அதை இரண்டு முறை துடைத்து, துளைக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சுத்தம் செய்து கொடுத்தாள்.

மறுநாளே ஏழாம் அறையில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அந்த அறைகளில் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கதவு திறந்தால் திறக்கிறவர் முகத்தில்தான் அடிக்கும். அந்தக் காற்றோடு சேர்ந்து ஒரு குரலும் வந்தது. "டிக்கெட்! டிக்கெட்!" கைகழுவிய ஈரம் காயாத இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். அதுதான் டிக்கெட். மருத்துவர் ஒருவர் காய்ந்த கையோடு நுழைந்தபோது, "சார், இறங்கி அடுத்த வண்டியில வாங்க," என்று சொல்லிவிட்டார். மருத்துவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்க் கழுவி வந்தார். பெரிய சிஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் ஆறு வருஷமா தொண்டை கிழியச் சொன்னதை இந்த மனுஷன் ரெண்டே நாள்ல செஞ்சுட்டாரு."

மோப்பக்காவிடம் மட்டும் டிக்கெட் கேட்க மாட்டார். "நீங்க பாஸ்," என்பார்.

"அதெல்லாம் வேணாம். கேளுங்க."

"டிக்கெட்."

அவள் காட்டுவாள்.

தினமும் காலையில் இரத்தம் எடுத்து வெள்ளை அணு எத்தனை என்று எண்ணிச் சொல்வார்கள். அதை எல்லோரும் கவுண்ட் என்பார்கள். ஐநூறு வந்தால் கதவு போட்ட மாதிரி. வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். கண்டக்டருக்கு முதல் வாரக் கடைசியில் அது பூஜ்யத்துக்கு வந்தது. வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்படியும் விரல்களால் வட்டம் காட்டி, "வண்டி டிப்போவுல நிக்குது," என்றார்.

மாலை நாலு மணிக்கு அவர் மனைவி கீழே வந்து நிற்பார். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. வேலை முடிந்து தலையில் போட்ட வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் சில நாள் வந்துவிடுவார். இவர் ஜன்னலில் விசிலைத் தூக்கிக் காட்டுவார். அவர் கீழே இருந்து கையை ஆட்டி, போகலாம் ரைட் என்று சைகை செய்வார். அதற்குப் பிறகு இருவரும் போனில் பேசுவார்கள். ஜன்னல் அடிக்கட்டையில் அவருடைய கைரேகை படிவதைப் பார்த்து மோப்பக்கா தன் பட்டியலில் முப்பத்து மூன்றாவது இடத்தைச் சேர்த்தாள்.

பதினாறாம் நாள் கவுண்ட் நாற்பது. "நாப்பதாம் நம்பர் பஸ் கிளம்பிடுச்சு," என்றார். மறுநாள் எழுபது.

அதற்கடுத்த நாள் காலை வீட்டில் கணவன் போட்டுக் கொடுத்த டீயை மோப்பக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"டீத்தூள மிச்சம் பிடிச்சு மாளிகை கட்டப் போறீங்களா? வெந்நீர் மாதிரி இருக்கு."

"கை நிறையப் போட்டேன்டி. நிறத்தப் பாரு."

நிறம் கறுப்பாகத்தான் இருந்தது. பார்த்தாள். நேரமாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். வாசல் மேசையில் காய்ச்சல் பார்த்தார்கள், இல்லை. இருமல் இல்லை. ஏழே காலுக்குக் கழுவுமிடத்தில் சின்ன வாளியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து ஒரு மூடி ஹைப்போ ஊற்றினாள். குனிந்தாள். ஒன்றுமில்லை. கேனை அசைத்துவிட்டு இன்னொரு மூடி ஊற்றினாள். ஒன்றுமில்லை. 'மறுபடியும் செத்த சரக்கு அனுப்பியிருக்கானுங்க' என்று நினைத்தாள். வேலை முடிந்ததும் பெரிய சிஸ்டரிடம் சொல்லிக் கிடங்குக்காரரை உண்டு இல்லை என்று பண்ண வேண்டும். அதுவரைக்கும் அறை காத்திருக்காது. மூன்றாவது மூடியும் ஊற்றினாள். பதினோரு வருஷமாக மருந்தைத்தான் சந்தேகப்பட்டாள். தன் மூக்கைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏழாம் அறைக்குள் கதவுப் பிடியில் ஆரம்பித்துச் சுவரோரமாக வலம் வந்தாள். ஜன்னல் கட்டை, நாற்காலிக் கை, மேசை, மேசையின் அடிப்பக்கம். கண்டக்டர் அன்று கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கவுண்ட் ஏறுகிற தெம்பு முகத்தில் தெரிந்தது. முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"என்னக்கா இன்னைக்கு? மொத்த கம்பெனியையும் ஊத்திட்டீங்களா? கண்ணு இப்படி எரியுது!"

அவள் நிமிர்ந்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த துணியை முகக்கவசத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மூச்சை இழுத்தாள். ஈரம் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. காலையில் டீயின் கறுப்பு நிறம் நினைவுக்கு வந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு முப்பத்தொன்பது.

அவர் பக்கத்துக் கம்பியும் கூப்பிடும் மணியும் மட்டும்தான் பாக்கி. முப்பத்து மூன்றில் நான்கு இடம். அவருடைய முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிற நான்கு இடம். துணியில் இரண்டு முகம் மிச்சம் இருந்தது. மோப்பக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, தலைமாட்டுக் கம்பியை மேலிருந்து கீழாக, பிறகு உள்புறம், பிறகு மணி, பிறகு மணியின் கம்பி. அடக்க முடியாமல் போனபோது கதவுப்பக்கம் போய் ஒரு மூச்சு விட்டுவிட்டு வந்தாள்.

"என்ன, என்னைப் பாக்கப் பிடிக்கலையா?" என்றார் கண்டக்டர்.

அவள் துணியைக் கழிவுப் பையில் போட்டாள். ஏழு நாற்பத்து மூன்றுக்கு வெளியே வந்தாள்.

நடையில் சுவரோரம் நின்றுகொண்டு பெரிய சிஸ்டரைத் தூரத்திலேயே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். "எனக்கு வாசனை தெரியல சிஸ்டர். ஏழே கால்லேர்ந்து. டீயைச் சேர்த்தா ஆறு மணிலேர்ந்து."

பெரிய சிஸ்டரின் கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. "உள்ள எவ்வளவு நேரம் இருந்தே?"

"இருபத்திரண்டு நிமிஷம்."

"எப்போ தெரிஞ்சுது?"

"முப்பத்தொன்பதுக்கு."

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் என்ன பண்ணே?"

"பாதியில இருந்துச்சு சிஸ்டர்."

"வெளிய வந்து என்கிட்டச் சொல்லியிருந்தா நான் வேற ஆளை அனுப்பியிருப்பேனே!"

மோப்பக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு எளிமையான விஷயம். அந்த நான்கு நிமிஷத்தில் அது ஒரு தடவைகூட அவள் புத்தியில் எட்டிப் பார்க்கவில்லை. காலை ஷிப்டில் ஏழாம் அறையை அவளைத் தவிர வேறு யாரும் துடைத்ததே கிடையாது.

அன்று சாயங்காலம் சோதனை முடிவு வந்தது. அவளுக்குத் தொற்று இருந்தது. சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவருக்கும் இருந்தது. முந்தின நாள் வேலை பார்த்த ஒரு நர்ஸுக்கும் இருந்தது. கண்டக்டருக்கு இல்லை. மோப்பக்காவை ஒரு பெரிய கூடத்தில் வரிசைக் கட்டில்களில் ஒன்றில் சேர்த்தார்கள். காய்ச்சல் இரண்டு நாள் அடித்தது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. படுத்துக்கொண்டு கை எட்டுகிற இடங்களைப் பார்த்தாள். எதுவும் சரியாகத் துடைக்கப்பட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் கைபேசி அடித்தது. "டிக்கெட்," என்றது குரல்.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எப்படி இருக்கீங்க? காய்ச்சல் இருக்கா?"

"அதை விடுங்க. மூக்கு வந்துச்சா?"

"இல்ல."

"எனக்குக் கவுண்ட் வந்துடுச்சு. நூத்தி இருபது. உங்க மூக்கு முதல்ல வருதா, என் ஐநூறு முதல்ல வருதான்னு ஒரு பந்தயம் வச்சுக்கலாம்."

"நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நான் அன்னைக்கு..."

"அக்கா, இருபத்தாறு வருஷத்துல இருமாத பயணி ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல. போய்ப் படுங்க."

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் சோதனையில் தொற்று என்று வந்தது. அன்றைக்குக் கவுண்ட் நூற்றித் தொண்ணூறு. ஏழாம் அறையிலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். சாமான்களைப் பையில் போட்டுக் கட்டி வைத்துவிட்டார்கள். பதினோராம் நாள் பெரிய சிஸ்டர் மோப்பக்காவைப் போனில் கூப்பிட்டார். "கண்டக்டர் போயிட்டாரு," என்றார். எத்தனை மணிக்கு என்று மட்டும் மோப்பக்கா கேட்டாள்.

பிறகு மருத்துவர் அவளை அழைத்து விளக்கினார். டிக்கெட் காட்டத் திரும்பிப் போன அதே மருத்துவர். "மூணு பேருக்கு இருந்துச்சு. மூணுல யாரா வேணா இருக்கலாம். மூணு பேருமே இல்லாமலும் இருக்கலாம். எந்தச் சோதனையும் அதைச் சொல்லாதும்மா. நீங்க முகக்கவசம் போட்டிருந்தீங்க, அவரும் போட்டிருந்தாரு. அந்த நாலு நிமிஷத்துக்கு முன்னாடி பதினெட்டு நிமிஷம் உள்ளதானே இருந்தீங்க?"

"அது தெரியாம இருந்தது டாக்டர்," என்றாள். "இது தெரிஞ்சு."

அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. கணவனாக இருக்கலாம், கிடங்கில் யாரோ இருமியிருக்கலாம், வார்டிலேயேகூட இருக்கலாம். அது வந்தது, அவ்வளவுதான். தான் யாருக்குக் கொடுத்தோம் என்பது மட்டும் அப்படி விட முடிவதாக இல்லை. கணவன் இப்போது இரண்டு கஜத் தூரத்தைக் கேலி செய்வதில்லை. தானாகவே வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான். டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்க்கிறான். அவள் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்கிறாள். வாசனை இன்னும் வரவில்லை.

குணமான பிறகு மூன்று வாரம் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் போட்டிருந்தார்கள். இன்றுதான் வார்டுக்குத் திரும்பினாள். ஏழாம் அறையில் வேறு ஒருவர் இருக்கிறார். சின்ன வயசுப் பெண். ஹைப்போவை அவள் இப்போது மூடிக் கணக்கில் ஊற்றிவிட்டு, நிறம் மாறுகிற காகிதப் பட்டையைத் தோய்த்துப் பார்க்கிறாள். புதுக் கேனைத் திறந்து வைத்துக்கொண்டு பழக்கத்தில் அவளுக்காகக் காத்திருந்த உதவியாளிடம் அந்தப் பட்டையை நீட்டினாள். "இனிமே இதுதான் மூக்கு."

இத்தனை மாதமாக யாரையும் உள்ளே விடாத மருத்துவமனை, இன்றுதான் இறந்தவர்களின் சாமான்களை வாங்கிக்கொள்ள வரலாம் என்று போன் செய்திருந்தது.

விசிலின் வெளிப்புறத்தை நான்காம் முகத்தால் துடைத்தாள். துளைக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் தக்கை உருண்டையைச் சுற்றித் திருப்பினாள். குச்சி சுத்தமாக வந்தது. அந்தக் கடைசி நாட்களில் அவர் அதை வாயில் வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். கயிறை ஐந்தாம் முகத்தில் வைத்து உருவினாள். குடுவைக்கு ஆறு. மழிக்கும் இயந்திரத்துக்கு ஏழு. எட்டாம் முகத்தால் தட்டின் விளிம்பைத் துடைத்தாள். எல்லாவற்றையும் உலரவிட்டு, உள்ளே தெரிகிற புதிய பிளாஸ்டிக் பையில் ஒவ்வொன்றாக வைத்து வாயை ஒட்டினாள்.

கீழே கூடத்தில் கண்டக்டரின் மனைவி ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வலைத்தொப்பி இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து பார்த்ததைவிட உயரம் குறைவாக இருந்தார். மோப்பக்காவைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்கதானே மோப்பக்கா? போன்ல உங்களைப் பத்தித்தான் பேச்சு. பஸ்ஸுக்குச் செக்கிங் ஆபீசர் மாதிரி எனக்கு ஒரு அக்கான்னு சொல்வாரு."

மோப்பக்கா பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். "அம்மா, இதைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் என் கையால வாங்கப் பிடிக்கலைன்னா சிஸ்டரை அனுப்பறேன்."

சொன்னாள். டீயில் தொடங்கி வரிசையாகச் சொன்னாள். மூன்று மூடி. அவர் கண் எரிந்தது. முப்பத்தொன்பது. கம்பி, உள்புறம், மணி, மணியின் கம்பி. நாற்பத்து மூன்று. மற்ற இரண்டு பேருக்கும் இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. பெரிய சிஸ்டர் அதைத்தான் முதலில் சொல்லச் சொல்லியிருப்பார்.

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார்.

"டாக்டர் வேற மாதிரி சொன்னாரே. எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாதுன்னாரு."

"முடியாதுதாம்மா. ஆனா இது நடந்துச்சு."

"எங்க பேக்கிங் லைன்லயும் பாதியில விட்டுட்டு வரக் கூடாது," என்றார். "ஆனா அது பிஸ்கட்டு."

"ஆமாம்மா."

"இதை எதுக்கு என்கிட்டச் சொன்னீங்க? கண்ணுக்குத் தெரியாத கிருமின்னு அது மேல பழியைப் போட்டுட்டு எப்படியோ தூங்கிட்டிருந்தேன். இப்போ உங்க முகம் தெரிஞ்சு போச்சு. இதை நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

மோப்பக்கா பையை மார்பிலிருந்து இறக்கி இரண்டு கைகளிலும் ஏந்தினாள். கண்ணாடியும் விசிலும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு அப்புறம் அந்த மணி வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது. அவரு அடிச்சப்பல்லாம் வந்தாங்க. சிஸ்டர் சொன்னாங்க."

"எப்படி வந்துச்சுன்னு கேட்டப்பவும் அவரு ஒருத்தர் பேரையும் சொல்லல," என்றார். "கடைசியா பேசினப்பவும், மூக்கு வந்துச்சான்னு கேட்டு வைன்னுதான் சொன்னாரு. யாரைச் சொல்றாருன்னு எனக்கு அப்போ புரியல. வந்துச்சா?"

"இல்ல."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து மோப்பக்கா வரவும் இல்லை. கூடத்தின் ஓரத்தில் கைகழுவும் தொட்டி இருந்தது. அந்த அம்மாள் எழுந்து அங்கே போனார். சோப்பு போட்டார். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. பேக்கிங் வேலையில் பழகிய கை. ஒன்றையும் விடவில்லை. குழாயை முழங்கையால் மூடிவிட்டுத் திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல், தண்ணீர் சொட்டும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார்.

மோப்பக்கா பார்த்தாள். பிறகு பையை அந்த ஈரக் கைகளில் வைத்தாள்.